மாக்பெத் நாடகத்தில் பதவி ஆசையும் மனச்சான்றும்

மாக்பெத், வில்லியம் ஷேக்ஸ்பியர் 1606ஆம் ஆண்டையொட்டி எழுதியதாகக் கருதப்படும் நாடகம். அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1623இல் வெளிவந்த அவருடைய நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பில்தான் இது அச்சேறியது. அவருடைய துன்பியல் நாடகங்களுள் அளவில் மிகச் சிறியது இதுவே. தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதை 'மகபதி' என்ற பெயரில் தந்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் படைத்தலைவன் ஒருவன், தன் வீட்டுக்கு விருந்தினராக வந்து தூங்கிக்கொண்டிருந்த அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான். ஏறிய பிறகு ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார முடியாமல் அழிகிறான். கதை அவ்வளவுதான்.

திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆங்கிலம் நடத்திய காலத்தில், ஒருநாள் வராத ஆசிரியருக்குப் பதிலாக வேறு வகுப்புக்குப் போகவேண்டி வந்தது. கையில் இருந்தது சார்ல்ஸ் லாம் தம் சகோதரி மேரியுடன் சேர்ந்து 1807இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட ஷேக்ஸ்பியர் கதைச் சுருக்கம். அதிலிருந்து மாக்பெத் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், தப்புன்னு அவனுக்கே தெரியுது. அப்புறம் இன்னாத்துக்கு சார் செஞ்சான்?" என்றான். மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அந்த வகுப்புக்கு நான் மறுபடி போகவே இல்லை.

கதைச் சுருக்கத்தில் அவனுக்கு விடை கிடைக்காது. "பேராசை பெருநஷ்டம்" என்று தேர்வுத்தாளில் எழுதி முடிப்பவர்களிடமும் கிடைக்காது. நாடகத்தை வரிவரியாகப் படித்தால்தான் கிடைக்கும். ஓய்வு பெற்ற பிறகு அப்படிப் படித்தபோது எனக்குப் பட்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் ஆம்பிஷன் என்பதற்குப் புகழ்ச்சியும் உண்டு, பழியும் உண்டு. தமிழில் நாம் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நல்லதென்றால் இலட்சியம், கெட்டதென்றால் பேராசை. மீன்பிடிக் குப்பத்திலிருந்தும் துறைமுகக் கூலிக் குடும்பத்திலிருந்தும் வந்த பிள்ளைகளிடம் "பெரிய ஆளா வரணும்டா" என்று முப்பது வருடம் சொன்னவன் நான். அந்த ஆசையையும் மாக்பெத்தின் ஆசையையும் ஒரே சொல்லால் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எனவே பதவி ஆசை என்ற நடுநிலையான சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன். போர்க்களத்தில் வீரம் காட்டியவன் மேலே வர ஆசைப்படுவதை நாடகம் எங்கும் குறை சொல்லவில்லை. அரசன் டங்கனே அவனுக்குக் காடர் என்னும் சிற்றரசுப் பட்டத்தை மகிழ்ச்சியோடு கொடுக்கிறான்.

மூலத்தில் இருந்த சாக்குகள்

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ராஃபேல் ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து. உண்மையான மாக்பெத் ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை, பதினேழு ஆண்டுகள் ஆண்டவன். ஹாலின்ஷெட் சொல்லும் கதையில் டங்கன் மென்மையான, ஆளத் தெரியாத அரசன். அன்றைய வழக்கப்படி அரியணையில் மாக்பெத்துக்கும் ஓர் உரிமை இருந்தது. டங்கன் தன் மகனை வாரிசாக அறிவித்ததால் அது பறிபோனது. பாங்க்கோ இந்தக் கொலையில் உடந்தை. கொன்று வந்தவன் முதல் பத்தாண்டுகள் நல்லாட்சியே நடத்தினான் என்றும் அந்த நூல் சொல்கிறது.

இத்தனை சாக்குகளையும் ஷேக்ஸ்பியர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டார். டங்கனை நல்லவனாக்கினார். பாங்க்கோவைக் கொலையிலிருந்து விலக்கினார். (1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் பாங்க்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டார் என்பதும் இதற்கு ஒரு காரணம். நாடகக்காரருக்கும் வயிறு உண்டு.) மாக்பெத்தின் நல்லாட்சியை அடியோடு நீக்கினார். அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்த அரசனை மனைவியின் தூண்டுதலால் கொல்லும் நிகழ்ச்சி மூலத்தில் மாக்பெத்தின் கதையே இல்லை. டஃப் என்னும் வேறோர் அரசனை டான்வால்ட் என்பவன் கொன்ற கதை அது. அந்தக் கொடுமையையும் கொண்டுவந்து இவன் தலையில் வைத்தார்.

நாயகன்மேல் இரக்கம் வரவேண்டிய நாடகத்தில் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? அரசன் கொடியவன், உரிமை பறிபோனது என்று ஏதாவது ஒரு நியாயம் இருந்தால் மனப்போராட்டம் இரண்டு நியாயங்களுக்கு இடையிலான வழக்காகிவிடும். வக்கீல் வாதம் போல இரண்டு பக்கமும் பேசலாம். இங்கே ஒரு பக்கத்தில் மட்டுமே நியாயம் இருக்கிறது. மறுபக்கத்தில் இருப்பது ஆசை ஒன்றுதான். அது அவனுக்கும் தெரியும்.

சூனியக்காரிகள்மேல் பழிபோடும் விடையும் நிற்காது. அவர்கள் மூவரும் சொன்னது அவன் அரசனாவான் என்பதை மட்டுமே. கொல் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதே இடத்தில், அதே வேளையில் பாங்க்கோவும் தன் சந்ததியார் அரசாள்வார்கள் என்ற வாக்கைக் கேட்டான். அவன் கத்தியைத் தேடவில்லை. மாக்பெத்துக்கோ வாக்கைக் கேட்ட சில நிமிடங்களில் மயிர் சிலிர்க்கிறது, நெஞ்சு விலாவில் இடிக்கிறது. நல்ல செய்தி கேட்டவனுக்கு ஏன் நடுக்கம்? கொலை என்ற எண்ணத்தை வெளியிலிருந்து யாரும் கொடுக்காமலே அவன் மனம் எடுத்துக்கொண்டுவிட்டது. எடுத்த அதே நொடியில் அதைக் கண்டு அவன் உடம்பு அஞ்சுகிறது. ஆசையும் மனச்சான்றும் அவனுக்குள் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கின்றன.

கொலைக்கு முந்தைய தனிமொழி

நாடகத்தின் உயிர் முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் இருக்கிறது. உள்ளே டங்கனுக்கு விருந்து நடக்கிறது. விருந்து கொடுக்கிறவன் பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்து தனியாக நிற்கிறான். அந்தத் தனிமொழியின் வரிசையை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அவன் தொடங்குவது அறத்தில் இல்லை, கணக்கில். செய்ததோடு காரியம் முடிந்துவிடும் என்றால் சீக்கிரம் செய்துவிடலாம். மறுமையைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. ஆனால் இந்த உலகத்திலேயே அது திரும்பி வருமே என்கிறான். நான் கலக்கும் நஞ்சை நாளை எனக்கே யாராவது ஊட்டுவார்களே என்ற பயம். இதுவரை ஒரு நல்ல வார்த்தை இல்லை. அகப்பட்டுக்கொள்வோமா என்பதே கேள்வி.

பிறகு பேச்சு திரும்புகிறது. நான் அவனுக்கு உறவினன், அவனுடைய குடிமகன், இன்று அவனுக்கு விருந்தளிப்பவன். கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தியை ஏந்துவதா என்கிறான். கணக்கிலிருந்து கடமைக்கு வந்துவிட்டான். அதற்கும் மேலே போய் டங்கனின் பெருந்தன்மையை நினைக்கிறான். கடைசியில் இரக்கம் என்பதே பிறந்த மேனியாய் ஒரு பச்சிளங்குழந்தையாகப் புயல்மேல் ஏறி வந்து, ஒவ்வொருவர் கண்ணிலும் இந்தச் செயலை ஊதி, உலகம் முழுவதையும் அழவைக்கும் காட்சியைக் காண்கிறான். கணக்கில் தொடங்கியவன் கண்ணீரில் வந்து நிற்கிறான். முடிவில் தன்னைத் தள்ளுவதற்குப் பதவி ஆசையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று தானே ஒப்புக்கொள்கிறான். இதைவிடத் தெளிவான குற்றப்பத்திரிகையை எந்த அரசு வழக்கறிஞரும் எழுத முடியாது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பணிக்காலத்தில் ஒருமுறை, பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு முன்னால் வரவேண்டிய ஒருவரின் பெயர் தட்டச்சுப் பிழையால் எனக்குப் பின்னால் வந்திருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நாள் வாய் திறக்கவில்லை. அந்த நான்கு நாளும் என் மனம் கேட்டது, "யாராவது கவனிப்பார்களா?" என்ற ஒரே கேள்வியை. ஐந்தாம் நாள் அவரே பார்த்துத் திருத்திக்கொண்டார். ஆசிரியர் அறையில் அவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. பட்டியலும் கொலையும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாக்பெத்தின் தனிமொழி எங்கே தொடங்குகிறது என்று கண்டபோது எனக்கு அந்த நான்கு நாள்தான் நினைவுக்கு வந்தது.

மனைவியிடம் சொன்ன வேறு காரணம்

தனிமொழி முடியும்போது மனைவி வருகிறாள். இந்தக் காரியத்தில் இனி ஓர் அடியும் வைக்கப்போவதில்லை என்று அவளிடம் திட்டமாகச் சொல்கிறான். மனச்சான்று வென்றுவிட்டது என்றே நினைப்போம். ஆனால் என்ன காரணம் சொல்கிறான் பாருங்கள். அரசன் இப்போதுதான் எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறான், ஊரெல்லாம் என்னைப் பாராட்டுகிறது, அந்தப் புதுப் பெயரை இவ்வளவு சீக்கிரம் கழற்றிப் போடுவானேன் என்கிறான். உறவு, விசுவாசம், விருந்தோம்பல், இரக்கம் என்று ஒரு நிமிடத்துக்கு முன் தனியாக நின்று அடுக்கிய எதையும் அவன் அவளிடம் சொல்லவில்லை.

நாடகம் முழுவதும் இந்த ஒரு மௌனத்தில் தொங்குவதாக நான் கருதுகிறேன். "அது பாவம், எனக்கு முடியாது" என்று அவன் சொல்லியிருந்தால் சீமாட்டி மாக்பெத் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் புதுச்சட்டைக் கணக்குப் பேசினான். அவளும் கணக்கிலேயே பதில் சொன்னாள். வேண்டும் என்று நினைப்பதை எடுக்கப் பயப்படுகிறவன் ஆண்மகனா என்று கேட்டாள். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது அவனுடைய அடுத்த கேள்வி. காவலாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு அவர்கள்மேல் பழியைப் போடலாம் என்று அவள் வழி சொன்னதும் ஒப்புக்கொண்டுவிட்டான். மனச்சான்றைத் தோற்கடிக்க அவளுக்கு வாய்ப்பே வரவில்லை; அவன் அதைச் சபைக்கே கொண்டுவரவில்லை. தன் மனைவியின் முன்னால் தன் இரக்கத்தைக் காட்ட வெட்கப்பட்டான்.

அவளே குற்றவாளி என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் பாதிதான். கணவனின் கடிதம் வந்தபோது அவள் தன்னைப் பெண்மையிலிருந்து பிரித்து, இரக்கம் நுழையும் வழிகளையெல்லாம் அடைத்துவிடும்படி தீய ஆவிகளை வேண்டுகிறாள். இரக்கமே இல்லாதவள் எதை அடைக்கச் சொல்வாள்? கொலை இரவில், தூங்கும் டங்கன் தன் தந்தையின் சாயலில் இருந்ததால்தான் தானே குத்தவில்லை என்றும் சொல்கிறாள். அவளும் உள்ளே ஒன்றை வாய்கட்டி வைத்திருக்கிறாள்.

அவையில் பேசியவர்கள்

நம் இலக்கியத்தில் வளர்ந்தவர்களுக்கு மாக்பெத்தின் இந்த ஊமைத்தனம் விசித்திரமாகத் தெரிய வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டவன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அவன் தனியாக ஓர் அறைக்குள் போகவில்லை. கள்வன் தானே என்று நிறைந்த அவையில் சொல்லி அங்கேயே விழுந்தான். கம்பனின் கும்பகருணன் அண்ணனுக்காகவே சாகப்போகிறவன். ஆனாலும் சீதையை விட்டுவிடு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போர்க்களத்துக்குப் போகிறான். நம் காப்பியங்களில் மனச்சான்றுக்குக் குரல் உண்டு, அது அவையில் ஒலிக்கும். விளைவு எதுவானாலும் சொல்லப்பட்டுவிடும்.

எங்கள் திருவொற்றியூருக்கே உரிய ஒரு கதையையும் இங்கே சேர்க்கலாம். பெரியபுராணத்தில் சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூரை மறக்கவும் முடியாது. எனவே சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் சந்நிதியில் இல்லாமல் மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். ஆசைக்கும் வாய்மைக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடிக்கும் புத்தி இது. இறைவனோ சங்கிலியாரிடம் கனவில் வந்து, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே கேள் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்யவேண்டியதாயிற்று. பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கிறவர்கள் இக்கதையை அறிவார்கள். அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். கண் இழந்தவர் வழியெல்லாம் கோயில் கோயிலாகத் தம் குற்றத்தையும் கோபத்தையும் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போகிறார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் திரும்புகின்றன. சந்து தேடியதில் அவரும் மாக்பெத்தும் ஓரளவு ஒன்று. வாய்விட்டுச் சொன்னதில் வேறு.

தமிழ் நாடகத்தில் மாக்பெத்தோடு ஒப்பிட அதிகம் எடுக்கப்படக்கூடியவன் மனோன்மணீயத்துக் குடிலன். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகம் அது. பாண்டியன் சீவகனின் அமைச்சனான குடிலன், தன் மகன் பலதேவனுக்கு மனோன்மணியை மணமுடித்து ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிடுகிறான். சேரனோடு போரை மூட்டுகிறான். கடைசியில் கோட்டையின் சுருங்கை வழியைப் பகைவனுக்கே காட்டிக்கொடுக்கப் போய் அகப்படுகிறான். அவனுக்கும் தனிமொழிகள் உண்டு. ஆனால் அவற்றில் நம் காதில் விழுவது பெரும்பாலும் திட்டம்தான். நாம் அவனுடைய மூளையை வியக்கிறோம், பிடிபடும்போது மகிழ்கிறோம், அவனுக்காக அழுவதில்லை. குடிலனை இயாகோவின் பக்கத்தில் வைக்கலாம், மாக்பெத்தின் பக்கத்தில் வைக்க முடியாது. அந்த நாடகம் திருமணத்தில் முடிவது தற்செயல் இல்லை.

அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ராயபுரத்துக்குத் தெற்கே நடந்து போகும் தூரத்தில், ஜார்ஜ் டவுனின் ஆச்சாரப்பன் தெருவில் வாழ்ந்தவர் அவர். கூத்தாடி என்ற சொல்லே வசையாக இருந்த காலத்தில் படித்தவர்களும் வக்கீல்களும் அரிதாரம் பூசலாம் என்று காட்டிய சபை அது. ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், சிம்பலினைச் சிம்ஹளநாதன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும் ஓசை கெடாமல் தமிழ்ப்படுத்தினார். பெயரில் அவர் காட்டிய விளையாட்டைப் பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பாட்டும் விருத்தமும் நிறைந்த அன்றைய மேடையில் ஒரு பாத்திரம் பாடாமல், தனியாக நின்று, உரைநடையில் தன்னோடு தானே வழக்காடுவதைத் தமிழ்ப் பார்வையாளர் பொறுமையாகக் கேட்பார்கள் என்று அவர் நம்பினார். அவரும் வக்கீல், பின்னாளில் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. குற்றவாளியே தனக்கு எதிரான முதல் சாட்சியாக நிற்கும் நாடகத்தை அவர் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

கொலைக்குப் பின்

கொலை மேடையில் நடப்பதில்லை. கைகளில் ரத்தத்தோடு வெளியே வரும் மாக்பெத் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான். பக்கத்து அறையில் விழித்துக்கொண்ட இருவர் கடவுளை வேண்டினார்கள். அதற்கு ஆமென் சொல்ல வாயெடுத்தேன், சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்கிறான். எத்தனையோ பயங்கரங்கள் நடந்த இரவில் இவன் ஏன் ஒரு சொல்லுக்காக இப்படித் தவிக்க வேண்டும் என்று முதலில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. முந்தைய காட்சியோடு சேர்த்துப் பார்த்தால் புரிகிறது. அப்போது அவன் சொல்ல மறுத்தான். இப்போது சொல்ல நினைத்தாலும் வரவில்லை.

உடனே கோட்டைக் கதவைத் தட்டும் ஓசை. குடித்துவிட்டுத் தூங்கிய வாயிற்காவலன் எழுந்து வந்து, தான் நரகத்தின் கதவைக் காப்பவன் என்று வேடிக்கை பண்ணுகிறான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகத் தெரியும். வீடு நிஜமாகவே நரகமாகிவிட்டது என்பதை அந்த வீட்டில் ஒரு குடிகாரன் மட்டும், தெரியாமலே, உரக்கச் சொல்கிறான்.

மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மாக்பெத் முறைகேடாகத்தான் பட்டம் பெற்றான் என்று பாங்க்கோவுக்குச் சந்தேகம். ஆனால் தன் சந்ததிக்குச் சொன்ன வாக்கும் பலிக்கலாமே என்ற ஆசை அவனுக்கும் எட்டிப் பார்க்கிறது. தன்னைத்தானே அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறான். அந்த மௌனத்துக்கு அவன் உயிரே விலையாகிறது. அவனைக் கொல்ல ஆளனுப்பும் திட்டத்தை மாக்பெத் மனைவிக்கும் சொல்வதில்லை. முன்பு மனச்சான்றை அவளிடமிருந்து மறைத்தான், இப்போது குற்றத்தையும் மறைக்கிறான். ஒன்றாகப் பாவம் செய்த இருவருக்குள் பேச்சு இல்லாமல் போவதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய நாடகம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடக்கியது விருந்தில் வெடிக்கிறது. பாங்க்கோவின் ஆவி தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. பிரபுக்கள் முன்னால் உளறுகிறான். அந்த இரவின் முடிவில் அவன் எடுக்கும் தீர்மானமே அவனுடைய உண்மையான வீழ்ச்சி என்பேன். இனி யோசித்துப் பார்ப்பதற்கு முன் செய்துவிட வேண்டும். மனத்தில் முதலில் தோன்றுவதே கையின் முதல் செயலாக வேண்டும் என்று அவன் அடுத்தடுத்துச் சொல்லிக்கொள்கிறான். டங்கனைக் கொல்வதற்கு முன் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. மனச்சான்று பேசியது அந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளியையே அவன் மூடிவிடுகிறான். அடுத்து மாக்டஃபின் மனைவியும் குழந்தைகளும் கொல்லப்படுகிறார்கள். அந்தக் கொலையால் அவனுக்கு எந்தப் பதவியும் கூடப்போவதில்லை. பதவி ஆசை எப்போதோ செத்துவிட்டது, கை மட்டும் பழக்கத்தில் வெட்டுகிறது.

சீமாட்டியின் முடிவு வேறு மாதிரி. விழித்திருக்கும்போது அவள் பேச விடாமல் கட்டிவைத்தது தூக்கத்தில் கட்டை அவிழ்த்துக்கொள்கிறது. விளக்கோடு நடந்து, இல்லாத ரத்தக்கறையைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். கேட்டது ஒரு பணிப்பெண்ணும் மருத்துவரும். அவள் முன்பு சொன்னதைச் சாட்சி இல்லாமல் திருப்பிச் சொல்லமாட்டேன் என்று பணிப்பெண் முதலிலேயே மறுத்துவிட்டாள். தன் கண்ணாலும் காதாலும் அறிந்துகொண்ட மருத்துவரோ, நினைப்பதைச் சொல்லத் துணிவில்லை என்று வெளியேறுகிறார். அரசனில் தொடங்கிய ஊமைத்தனம் அரண்மனை முழுவதும் தொற்றிக்கொண்டது. பிறகு, மனநோயை வேரோடு பிடுங்கும் மருந்து உன்னிடம் இல்லையா என்று மாக்பெத் அதே மருத்துவரிடம் கேட்கும்போது மனைவிக்காகக் கேட்பதாகத்தான் பேச்சு. தனக்காகக் கேட்கிறான் என்பது மருத்துவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நோயாளியே தனக்கு மருந்து தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் நழுவிவிடுகிறார்.

இத்தனைக்கும் பிறகு இவன்மேல் ஏன் இரக்கம் வருகிறது என்று கேட்பவர்கள் கடைசி அங்கத்தின் எட்டாம் காட்சியைப் பார்க்க வேண்டும். போர்க்களத்தில் மாக்டஃப் அவனை எதிர்கொள்கிறான். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்கு ஆபத்தில்லை என்ற வாக்கு அந்த நேரத்தில் மாக்பெத்துக்கு இன்னும் உடையவில்லை. மாக்டஃப் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவன் என்பது பிறகுதான் தெரியவரும். தன்னை யாராலும் கொல்ல முடியாது என்று நம்பிக்கொண்டிருப்பவன் எதிரியைப் பார்த்து, வேறு யாரைவிடவும் உன்னைத்தான் தவிர்த்து வந்தேன், திரும்பிப் போய்விடு, உன் குடும்பத்தின் ரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாவில் நிறைந்து கிடக்கிறது என்கிறான். மாக்டஃபிடம் எச்சரிக்கையாக இரு என்ற வாக்கும் முன்பு வந்திருந்தது. ஆகவே இது அச்சம் என்று சொல்வாரும் உண்டு. அச்சம் மட்டும் என்றால் ஆன்மாவைப் பற்றிய பேச்சு எதற்கு?

முதல் அங்கத்தில் மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டதை அவன் முதன்முறையாக இன்னொரு மனிதனின் முகத்துக்கு நேரே சொல்கிறான். கேட்பவன் மனைவியையும் பிள்ளைகளையும் அவனிடம் பறிகொடுத்தவன். பேச என்னிடம் வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டு மாக்டஃப் வாளோடு பாய்கிறான்.